எதிர்காலச் சாலைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயலும் இசையும் நாடகமும் களிப்பூட்டும் இவ்விழாவில், கல்லையும் தாரையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கின்றானே என்று உங்களுள் சிலர் எண்ணக் கூடும். அவர்கட்கு ஒன்று கூறுவேன். நம் மொழியில் 'ஆறு' என்னும் சொல் நீரோடும் ஆற்றை மட்டும் குறிப்பதன்று. வழி என்பதும் அதன் பொருளே. வழி காட்டி அனுப்பும் பாட்டுக்கு 'ஆற்றுப்படை' என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அத்தகைய மரபில் வந்த நாம், தமிழ் விழாவில் சாலையைப் பற்றிப் பேசுவது முறையே ஆகும்.

நாம் வாழும் கொழிஞ்சாம்பாறை வழியின்மேல் அமைந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை வாயில் திறந்து விட்டாற்போல் அமைந்தது பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த வணிகம் இக்கணவாய் வழியேதான் நடந்தது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, 'இராசகேசரிப் பெருவழி' என்னும் சாலையைக் குறிக்கின்றது. அது முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே, ஒரு சாலைக்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லிலும் பொறித்தது நம் இனம். அவ்வாறு பெயர் பெற்ற வழியின் பக்கத்தில் வாழும் நாம், இன்று எத்தகைய சாலையில் நடக்கின்றோம்? நம் பேரப் பிள்ளைகள் எத்தகைய சாலையில் நடப்பர்? இதுவே இன்றைய என் பொருள்.

முதலில் நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளம் என்றதும் செம்மண்ணும் பெருமழையும் நினைவுக்கு வரும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியோ அதற்கு விலக்கு. இங்கே மழை குறைவு. மண்ணும் பல இடங்களில் கரிசல். கோவில்பட்டிக் காரரும் திருப்பூர்ப் பக்கத்தவரும் இம்மண்ணைக் கண்டால் 'நம் ஊர் மண் அல்லவா!' என்று மகிழ்வர். உழவனுக்கு அது நல்ல மண். ஆனால் சாலை போடுவோனுக்கு அது பொல்லாத மண். ஏன்? கரிசலில் உள்ள களித்துகள் நீரைக் குடித்தால் உப்பும். நீர் வற்றினால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கைவிரல் நுழையும் அளவு பிளவுகள் தோன்றும். மேலே எவ்வளவு நேர்த்தியாகத் தார் போட்டாலும், அடியில் நிலம் மூச்சு விடுவது போல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்குமானால், மேற்பரப்பு எத்தனை நாள் தாங்கும்? முதலில் மயிர்க்கோடு போல் ஒரு வெடிப்பு. அதில் நீர் இறங்குகின்றது. பிறகு ஜல்லி பெயர்கின்றது. அடுத்த மழையில் குழி. அதற்கடுத்த மழையில் அக்குழியில் இருசக்கர வண்டி.

ஆகவே எதிர்காலச் சாலையைப் பற்றி எண்ணுவோர், மேலே பூசும் கருமையை மட்டும் பார்த்தல் போதாது. அடியில் உள்ள மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே நமக்குத் துணை செய்யும் பொருள் எது? வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதன்று. நம் தென்னந்தோப்புகளிலேயே இருக்கின்றது. அதுதான் கயிற்று நார்.

தேங்காய் மட்டையின் நாரைத் திரித்துப் பாய் போல் நெய்து, சாலையின் அடிநிலத்தின்மேல் விரித்து, அதன்மேல் ஜல்லியைப் பரப்புகின்றனர். இதனால் விளையும் நன்மை யாது? களிமண் மேலேறி ஜல்லியோடு கலவாது. ஜல்லியும் கீழே புதையாது. நீர் மட்டும் வழிந்தோடும். தென்னை நாரில் 'லிக்னின்' என்னும் பொருள் மிகுந்திருப்பதால், அது மற்ற நார்களைப் போல் விரைவில் மக்காது. சில ஆண்டுகள் நிலைத்து நிற்கும். அது மக்கும் காலத்துக்குள் அடிநிலம் நன்கு இறுகிவிடும். தன் கடமை முடிந்தபின் மண்ணோடு மண்ணாகிவிடும் பொருள் அது. 2020-ஆம் ஆண்டில், பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இந்நார் விரிப்பைப் பயன்படுத்த மத்திய அரசு இசைவளித்தது. ஏழு மாநிலங்களில் மொத்தம் 1,674 கிலோமீட்டர் தொலைவுக்கு இதனை இடுவதெனத் திட்டமிட்டனர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். கயிற்றுத் தொழிலுக்குப் பேர் பெற்ற கேரளத்தின் பங்கோ 71 கிலோமீட்டர்தான்! இரு மாநிலங்களின் எல்லையில், தென்னைகட்கு நடுவில் வாழும் நாம் இக்கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இடுக்கி மலைத்தோட்டங்களில் வாழும் நம் உறவினர்க்கும் இது பயன்படும். மலைச்சரிவில் மண் அரியாமல் பிடித்து நிறுத்தவும் இந்நார் வலை உதவுகின்றது.

அடுத்து, மேற்பரப்புக்கு வருவோம். நாம் 'தார்' என்று வழங்குவது உண்மையில் பிடுமன் என்னும் பொருள். பெட்ரோலியத்தை வடித்தபின் எஞ்சுவது. அது கல்லோடு கல்லை ஒட்டும் பசை. அப்பசைக்கு நீர் பகை. கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்தால் பிடிப்பு விட்டுப் போகும். இக்குறையைத் தீர்க்க ஒரு தமிழர் கண்ட வழியை இம்மேடையில் சொல்வது எனக்குப் பெருமை.

மதுரையில் 1957-இல் தொடங்கப் பெற்ற தியாகராசர் பொறியியற் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கியவர் இராசகோபாலன் வாசுதேவன் அவர்கள். தெருவில் கிடந்து மாட்டின் வயிற்றை அடைக்கும் பிளாஸ்டிக் பைகளைச் சாலைக்குப் பயன்படுத்தலாமா என்று அவர் ஆராய்ந்தார். அவர் கண்ட முறை மிக எளியது. பிளாஸ்டிக்கைச் சிறு துணுக்குகளாக நறுக்க வேண்டும். ஏறத்தாழ 160 முதல் 170 பாகை வரை சூடேற்றிய ஜல்லியின்மேல் அத்துணுக்குகளைத் தூவ வேண்டும். அவை உருகி, ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய சட்டை போர்த்தினாற்போல் படியும். அதன்பின் தாரைக் கலக்க வேண்டும். சட்டையணிந்த கல் நீரை உறிஞ்சாது. தாரோடு இறுகப் பிணையும். தாரும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். ஒரு வழித் தடமாக 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலை போட ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகின்றது. தெருவில் குவியும் ஒரு டன் குப்பை, தெருவாகவே மாறிவிடுகின்றது!

2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை போடப்பட்டது. அதே ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தின் ஜம்புலிங்கம் தெருவிலும் போட்டனர். 2006-இல் கல்லூரி இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. பின்னர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இச்சாலைகளை ஆராய்ந்தபோது, சில ஆண்டுகள் ஓடிய பின்னும் அவற்றில் குழி விழவில்லை என்று கண்டது. இந்தியச் சாலைப் பேரவை 2013-இல் இதற்கென நெறிமுறை நூல் வெளியிட்டது. 2018-இல் வாசுதேவன் அவர்கட்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஓர் எண்ணம் நாடெங்கும் பரவிய வரலாறு இது.

இங்கே ஓர் ஐயம் எழும். 'பிளாஸ்டிக்கை உருக்கினால் நச்சுப் புகை எழாதா?' என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. உருகுதல் வேறு, எரிதல் வேறு. 170 பாகையில் பால் உறை உருகுமேயன்றி எரியாது. தெரு முனையில் குப்பையோடு கொளுத்தும்போது எழும் புகைதான் நஞ்சு. ஆனால் பி.வி.சி. எனப்படும் குழாய்ப் பிளாஸ்டிக்கை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது. அதில் குளோரின் உண்டு. சூட்டில் கேடு தரும். மற்றோர் ஐயமும் உண்டு. சாலை தேயும்போது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் மண்ணிலும் நீரிலும் சேருமே என்பர் சிலர். அது தள்ளத் தக்க வினாவன்று. தேய்மானமுள்ள எப்பொருளும் துகளாகத்தான் போகும். அதனால்தான் சொல்கின்றேன்: சாலை இருக்கின்றது என்பதற்காகப் பிளாஸ்டிக்கை மிகுதியாக வாங்குவது, மருந்து இருக்கின்றது என்பதற்காக நோயை வரவழைப்பது போலாகும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 சனவரியிலும், கேரளம் 2020 சனவரியிலும் தடை செய்தன. அத்தடைகளை மதித்து, அதற்குப் பின்னும் எஞ்சுவதைத்தான் சாலைக்குத் தர வேண்டும்.

உலகம் இதோடு நிற்கவில்லை. 2022-இல் சூரத்துக்கு அருகே ஹசீராவில், இரும்பாலையின் கசடைக் கொண்டு ஆறு தடச் சாலை அமைத்தனர். மலையை வெடி வைத்துப் பிளந்து எடுக்கும் கல்லுக்குப் பதிலாக, ஆலை கழித்த கல் அங்கே பயன்பட்டது. 2024 டிசம்பரில் நாக்பூர் – மன்சார் நெடுஞ்சாலையில், பயிர்க் கழிவிலிருந்து எடுத்த லிக்னினைத் தாரோடு கலந்து ஒரு பகுதி போடப்பட்டது. நெல்லுக்குப் பேர் போன பாலக்காட்டுக்கு இச்செய்தி இனிக்கும். ஆயினும் நம் வைக்கோல் முதலில் மாட்டுக்கு, பிறகே சாலைக்கு! ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார், தாரில் மெல்லிய எஃகு இழைகளைக் கலந்து 2010-இல் ஒரு நெடுஞ்சாலைப் பகுதியில் போட்டனர். மின்காந்த முறையால் அவ்விழைகளைச் சூடாக்கினால் தார் இளகி, மயிர்க்கோட்டு வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். புண் ஆறுவது போல் சாலையும் ஆறும் காலம் வந்துவிட்டது!

இனி, அறிவுள்ள கருவிகளைப் பற்றி ஒரு சொல். சாலையை அழிப்பது யார் என்பதை அறிய, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரில், 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ்சோதனை நடத்தினர். இராணுவ வீரர்கள் பல எடையுள்ள லாரிகளை ஈராண்டு ஓயாமல் ஓட்டினர். அதிலிருந்து கிடைத்த உண்மை வியப்பூட்டுவது. அச்சின் சுமை இரு மடங்கானால், சாலைக்கு நேரும் கேடு இரு மடங்கன்று. ஏறத்தாழப் பதினாறு மடங்கு! அரை டன் சுமக்கும் கார் அச்சைவிடப் பத்து டன் சுமக்கும் லாரி அச்சு, எடையில் இருபது மடங்கு. கேட்டிலோ ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். 2018-இல் நம் நாட்டில் நான்கு சக்கரம் பூட்டிய ஒற்றை அச்சின் உச்ச வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினர். சுமை எட்டில் ஒரு பங்குதான் கூடிற்று. அதே கணக்கின்படி, முழுச் சுமையேற்றிய அச்சு செய்யும் கேடு ஏறத்தாழ 1.6 மடங்காகின்றது. வரம்புக்குள் ஓடும் வண்டிக்கே இக்கணக்கென்றால், வரம்பு மீறிக் கல்லும் மணலும் ஏற்றி இரவில் எல்லை கடக்கும் வண்டிக்கு என்ன கணக்கு?

கோபாலபுரம், நடுப்புணி, வேலந்தாவளம் என்று நம்மைச் சுற்றிலும் எல்லைச் சாவடிகளின் பெயர்களே ஒலிக்கின்றன. பழைய நாளில் வண்டியை நிறுத்தித்தான் எடை பார்க்க வேண்டும். இன்றோ சாலையின் உள்ளே உணர்கருவிகளைப் பதித்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அச்சின் சுமையை அறிய முடிகின்றது. எண் பலகையைக் காமிரா படித்துவிடும். கேரளத்தில் 2023 சூனில் 726 காமிராக்கள் சாலை விதிகளைக் காக்கப் பணி தொடங்கின. தலைக்கவசம் அணியாத தலையையும் வார் பூட்டாத மார்பையும் அக்கண்கள் பார்க்கின்றன. நல்லதே. தலையைப் பார்க்கும் கண், அச்சின் சுமையையும் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஏழையின் மொபெட்டுக்கு அபராதம் விதிக்கும் அறிவு, சாலையை நசுக்கும் லாரிக்கு முன் உறங்கிவிடுமாயின் அதனை அறிவு என்று எவ்வாறு அழைப்பது?

கருவி அரசின் கையில் மட்டும் இல்லை. உங்கள் சட்டைப் பையிலும் இருக்கின்றது. பிரதம மந்திரி கிராமச் சாலைகளின் குறையைப் படத்தோடு தெரிவிக்க 2015-இல் 'மேரி சடக்' என்னும் செயலி வந்தது. கேரளப் பொதுப்பணித் துறை 2021-இல் தன் சாலைகட்கென ஒரு செயலி வெளியிட்டது. அதே ஆண்டு இறுதியில், ஒப்பந்தக்காரர் எந்நாள் வரை பழுது பார்க்கக் கடமைப்பட்டவர் என்பதை மக்கள் அறியும்படி, சாலையோரம் பலகை வைக்கவும் தொடங்கிற்று. அப்பலகையை நாம் படிக்கின்றோமா? குழியைப் பார்த்து அரசை ஏசிவிட்டு வீடு திரும்புவது எளிது. நாளும் இடமும் குறித்து, படமெடுத்து, எழுதிக் கேட்பது குடிமகனின் கடமை.

'எழுதிக் கேட்கலாம்; எந்த மொழியில் எழுதுவது?' என்று பெரியவர்கள் கேட்பீர்கள். 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த சித்தூர் வட்டம் கேரளத்தோடு நின்றது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் தமிழ் பேசி வாழ்ந்தோரும், பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோரும் இன்று ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கின்றோம். நமக்குச் சட்டம் ஓர் உரிமை தந்திருக்கின்றது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியினர் அரசு அலுவலகங்கட்குத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே மறுமொழியும் பெறலாம். 'முன்னே பாலம் வேலை நடக்கின்றது. மெதுவாகச் செல்க' என்னும் எச்சரிக்கை தமிழிலும் இருந்தால், தமிழ் மட்டும் அறிந்த ஓர் ஓட்டுநரின் உயிர் காக்கப்படும். அறிவுள்ள சாலை என்பது, தன்மேல் நடப்போரின் மொழியை அறிந்த சாலையாகவும் இருத்தல் வேண்டும். இதனை நாம் பகைமையோடு கேட்க வேண்டியதில்லை; மலையாள நாட்டின் நன்மக்களாக, அயலாரோடு கைகோத்துக் கேட்போம். குழியில் விழும்போது மலையாளிக்கும் தமிழனுக்கும் வலி ஒன்றே.

தாய்மார்களே! இறுதியாக உங்களிடம் வருகின்றேன். மதுரைப் பேராசிரியர் கண்ட முறைக்குத் தேவையான பொருள் உங்கள் அடுக்களையில்தான் கிடைக்கின்றது. பால் உறையைக் கழுவாமல், சோற்றோடும் மீன் செதிளோடும் சேர்த்து எறிந்தால், அது சாலைக்கு ஆகாது. நாய்க்கும் ஈக்கும்தான் ஆகும். கழுவி, உலர்த்தி, தனிப்பையில் இட்டு வைத்தால், வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் அதனை வாங்கிச் செல்வர். சிறு கட்டணம் கேட்கின்றார்களே என்று முகம் சுளிக்காதீர்கள். வெயிலில் வாசல் வாசலாக நடக்கும் அப்பெண்கள்தாம் எதிர்காலச் சாலையின் முதல் தொழிலாளிகள். அவர்கள் திரட்டுவதிலிருந்து துணுக்கு செய்து, கிளீன் கேரளா நிறுவனம் சாலைப் பணிக்கு வழங்குகின்றது. தெரு முனையில் கொளுத்தினால் அது நம் குழந்தையின் நெஞ்சில் புகையாகச் சேரும். கொடுத்தால் அதே குழந்தையின் காலடியில் சாலையாகச் சேரும்.

ஆடவர்க்கும் ஒரு சொல் உண்டு. புதிதாகப் போட்ட சாலையைக் குடிநீர்க் குழாய்க்காக இரவோடு இரவாக வெட்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடுவது நம் காலனிகளிலே நடக்கின்றது. குளியலறை நீரைச் சாலையோரம் விடுவதும் நடக்கின்றது. கரிசல் நிலத்தில் தேங்கும் நீர் சாலைக்கு எமன் என்று முன்பே சொன்னேன். நார் விரித்தாலும், பிளாஸ்டிக் கலந்தாலும், கருவி பதித்தாலும், ஓரத்து வடிகால் அடைபட்டால் எல்லாம் வீண். வடிகாலைத் தூர்த்து அதன்மேல் படி கட்டிய வீடுகள் எவையென்று அவரவர் மனச்சான்றுக்குத் தெரியும்.

எனவே இவ்வாண்டு விழாவின் நினைவாகச் சங்கம் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகின்றேன். முதலாவது, காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் உலர்ந்த பிளாஸ்டிக்குக்குத் தனிப்பை. இரண்டாவது, பருவமழைக்கு முன் ஒரு ஞாயிறன்று எல்லோரும் கூடி வடிகால் துப்புரவு. மூன்றாவது, நம் ஊராட்சி அடுத்துப் போடும் சாலைக்கு அடியில் நார் விரிப்பும் மேலே பிளாஸ்டிக் கலந்த தாரும் இட வேண்டுமென்று, மலையாள அண்டை வீட்டாரின் கையொப்பத்தையும் சேர்த்துத் தமிழில் ஒரு விண்ணப்பம். இம்மூன்றுக்கும் பெரும் பொருட்செலவில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

பேறுகால வலியோடு ஒரு பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் ஆட்டோவுக்குக் குழியில்லாத சாலை வேண்டும். மிதிவண்டியில் பள்ளி செல்லும் நம் பிள்ளைகட்கு மேடுபள்ளமற்ற ஓரம் வேண்டும். அவற்றை நாம் அமைத்துத் தருவோமாக!



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!